அடீனியம் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒருவர் தன் அடீனியத்தை, அதாவது பாலைவன ரோஜாச் செடியை, தொட்டியோடு தூக்கி வந்தார். "இலை எல்லாம் கொட்டிப்போச்சு. தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன், தேறவே இல்லை" என்றார். அடித்தண்டைத் தொட்டேன், விரல் உள்ளே இறங்கியது. நானும் ஒரு காலத்தில் செய்த அதே தவறு. வெயிலில் வைப்பது, தொட்டியில் ஓட்டை போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இலை உதிர்ந்தால் தண்ணீர் ஊற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. சஹாராவுக்குத் தெற்கிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவின் தென்பகுதியிலும் உள்ள வறண்ட நிலங்கள்தான் இந்தச் செடிக்குச் சொந்த மண். மழை பெய்யும்போது பருத்த அடித்தண்டில் நீரைச் சேர்த்து வைக்கும். வறட்சி வந்ததும் இலைகளை உதிர்த்துவிடும், ஏனென்றால் செடியிலிருந்து நீர் பெரும்பாலும் இலை வழியாகத்தான் ஆவியாகிறது. குளிர் வந்தாலும் அப்படித்தான். அது உறக்கம், சாவு இல்லை.

உறங்கும் செடி தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. ஊற்றியது மண்ணிலேயே தங்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் அடித்தண்டுக்கு ஏறும். விதை போட்டு ஆறு வருடம் வளர்த்த செடியை நான் இப்படித்தான் பறிகொடுத்தேன். தண்டு லேசாக அமுங்கியது, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மண்ணில் ஒரு குச்சியைச் செருகிப் பார்த்திருந்தால் போதும். மண் காய்ந்திருந்து தண்டு அமுங்கினால் தாகம். மண் ஈரமாக இருந்தும் அமுங்கினால் அழுகல், உடனே செடியைப் பிடுங்குங்கள். பழுப்பே தெரியாத சதை வரும்வரை சுத்தமான கத்தியால் வெட்டி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, அப்புறம் காய்ந்த மணற்பாங்கான கலவையில் நடுங்கள். வந்தவரின் செடியில் அடித்தண்டு முழுக்கப் போய்விட்டது. நல்லதாக இருந்த இரண்டு கிளைகளை மட்டும் வெட்டிக் கொடுத்தேன்.

கிளையை நட்டுப் பருத்த அடியை எதிர்பார்ப்பது

விதையிலிருந்து வளர்ந்த செடிக்கு வருகிற வடிவம் கிளையை நட்டு வளர்த்த செடிக்கு வராது.

வெட்டினால் வடியும் பாலை வெறுங்கையால் தொடுவது

அரளிக் குடும்பம் இது. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் இதன் பாலில் உள்ள நஞ்சை அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

தொட்டி மாற்றிய அன்றே தண்ணீர் விடுவது

வேரில் பட்ட காயம் ஆற ஒரு வாரம் பொறுங்கள்.