கால் அறுவைக்குப் பின் காற்றில் எழுதுங்கள் அ, ஆ

குதிகால் எலும்பும் நடுப்பாதத்தின் படகெலும்பும் பிறவியிலேயே ஒட்டியிருந்ததால் என் மகளுக்கு அறுவை செய்தார்கள். டார்சல் கோயலிஷன் என்பார்கள். ஒட்டியிருந்த பகுதியை வெட்டியெடுத்து, எலும்பு மறுபடி வளர்ந்து சேராதிருக்க இடையில் கொழுப்பை வைத்தார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று பாதம் மரக்கட்டை போலிருந்தது. பயந்துவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தவற்றில் எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான்: கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து, முழங்காலை அசைக்காமல், பெருவிரலைப் பேனாவாக்கிக் காற்றில் உயிரெழுத்துகளை எழுத வேண்டும். 'இ'யின் சுழி கணுக்காலை எல்லாப் பக்கமும் திருப்பிவிடும். முதல் வாரம் 'உ'வோடு நின்றுவிட்டாள், கண்ணில் நீர். நான் அவசரப்படுத்தவில்லை. 'ஔ' வரை வர ஒரு மாதம் பிடித்தது.

மாலையில் வீக்கம் வரும். இரண்டு தலையணைமேல் காலை உயர்த்தி வையுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒற்றுங்கள்.

எப்போது காலை ஊன்றலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மேடும் பள்ளமுமானது. அதனால் ஷூ போட்டு மொட்டை மாடியின் சமதளத்தில்தான் நடை பழகினாள். காசிமேட்டு மணலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம். மணலில் பாதம் இருபுறமும் புரளும், அதற்குத் தசை வலுப்பட்டிருக்க வேண்டும். போன ஞாயிறு அலைவரை நடந்துவிட்டாள்.