பழைய கார் டேங்குக்குள் மின் பம்ப்: செய்யக்கூடாத தவறுகள்

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை ஜாமில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வண்டி இருமி இருமி நிற்கும், அரை மணி நேரம் பானெட்டைத் திறந்துவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பழைய டட்சன், மினி, கொரோலா வைத்திருக்கும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் சூட்டில் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், ஆவியை அந்தப் பம்பால் இழுக்க முடியாது. டேங்குக்குள்ளேயே ஒரு மின் பம்பை மூழ்கவைத்து அங்கிருந்து தள்ளினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பம்பின் மோட்டாரைப் பெட்ரோலே குளிர்விக்கும், சத்தமும் அதிகம் கேட்காது.

சரி, நல்ல வேலைதான். ஆனால் என் டட்சன் 120ஒய்க்கு இதைச் செய்தபோதும், பிறகு செந்தூல் பக்கம் நண்பர்களின் வண்டிகளுக்குக் கூடவே நின்று செய்தபோதும் ஒன்று நன்றாகப் புரிந்தது. பழைய ஏற்பாட்டில் பின்பக்கக் குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும், வண்டி நிற்கும், அவ்வளவுதான். புதிய ஏற்பாட்டில் அதே ஓட்டையிலிருந்து பெட்ரோல் வெளியே பீச்சும். பழையதில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். புதியதில் கரண்ட் இருக்கும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் தவறு, ஹாஃப்கட் கடையில், அதாவது வெட்டியெடுத்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு ஜப்பான் இன்ஜெக்‌ஷன் காரின் பம்பை வாங்கி வந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு அப்படியே கொடுப்பது. கார்புரேட்டருக்குத் தேவையான அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். இன்ஜெக்‌ஷன் பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்துவது ஒரு சின்ன ஊசி வால்வு, அதை மூடிப் பிடித்திருப்பது மிதவை மட்டும்தான். அந்த அழுத்தத்தை மிதவை எப்படித் தாங்கும்? பெட்ரோல் வழிந்து வெளியே கொட்டும். டட்சனின் ஏ12 இன்ஜினில் கார்புரேட்டரும், கொதிக்கும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. வழிகிற பெட்ரோல் விழுகிற இடம் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் போட்டால் போச்சு என்பார்கள். எந்த ரெகுலேட்டர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரிட்டர்ன் குழாய் இல்லாத சாதாரண ரெகுலேட்டர் பெட்ரோலை மறிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பக்கம் பம்ப் முழு அழுத்தத்தில் முட்டிக்கொண்டு சூடாகிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்‌ஷன் பம்பைத்தான் வைப்பது என்றால், மிச்சத்தை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் பைபாஸ் ரெகுலேட்டர் வேண்டும், ரிட்டர்ன் குழாயும் நல்ல அகலமாக இருக்க வேண்டும். 1.2 லிட்டர் இன்ஜின் முழு மூச்சில் ஓடினாலும் மணிக்கு இருபது லிட்டருக்குப் பக்கம்தான் குடிக்கும். பெரிய பம்புகள் மணிக்கு 190, 255 லிட்டர் தள்ளுபவை. மீதி அத்தனையும் திரும்பிப் போக வேண்டும், ரிட்டர்ன் ஒல்லியாக இருந்தால் அது திணறி கார்புரேட்டரில் அழுத்தம் ஏறிவிடும். ரிட்டர்ன் வாயை பம்பின் வாய்க்கு நேர் மேலே விடவும் கூடாது, நுரையும் குமிழியும் நேராகப் பம்புக்குள் போகும். என்னைக் கேட்டால் கார்புரேட்டர் வண்டிக்குக் குறைந்த அழுத்தப் பம்பையே தேடிப் பிடியுங்கள். கொஞ்சம் வெள்ளி கூட ஆனாலும் பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.

அடுத்தது ஹோஸ். இதில் ஏமாறாதவர்களைப் பார்ப்பது அபூர்வம். சாதாரண ஃபியூல் ஹோஸ் உள்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்க ரப்பர் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கச் செய்யப்பட்டதல்ல. டேங்குக்குள் வைத்தால் ஊதி, குழகுழவென்று ஆகி, ஒரு நாள் கிளாம்பிலிருந்து கழன்றுவிடும். ஒரு நண்பரின் வண்டி பினாங்குப் பாலத்தின் நடுவில் நின்றது இப்படித்தான். பின்னால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, முன்னால் கார்புரேட்டர் காய்ந்து கிடக்கிறது. பம்ப் மாற்றி, அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே மாற்றி, கடைசியில் டேங்கைத் திறந்து பார்த்தால் ஹோஸ் வெடித்து, பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வைக்க எஸ்ஏஇ 30ஆர்10 என்று மேலேயே அச்சிட்டிருக்கும் ஹோஸ்தான் வேண்டும். விலை அதிகம், தேவைப்படுவதோ ஒரு சாண். வெளியே ஓடும் குழாய்க்கு 30ஆர்9 போதும். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார், எழுத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மெக்கானிக்கல் பம்பை அப்படியே விட்டுவிட்டு அதன் வழியாகவே பெட்ரோலை அனுப்புவதும் பெரிய தவறு. உள்ளே நாற்பது ஐம்பது வருடப் பழைய டயஃப்ரம், அதாவது பெட்ரோலை இழுக்கும் மெல்லிய சவ்வு, இருக்கலாம். பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தில் அது கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் கலக்கும், ஆயில் தண்ணீர்போல நீர்த்து பேரிங் போகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. பம்பைக் கழற்றி, கேஸ்கெட்டோடு மூடித் தகடு போடுங்கள்.

ஒயரிங்கில் ரிலேயும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எர்த்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். பெயின்ட்டும் துருவும் ரப்பரும் சேர்ந்து டேங்கை பாடியிலிருந்து பிரித்து வைத்திருக்கும், அதனால் எர்த்துக்குத் தனி ஒயர் இழுங்கள். இன்ஜின் ஓடும்போது பம்பின் முனையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள், பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ கோளாறு. பினாங்கில் இன்னும் மோரிஸ் மைனர் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அதில் பாசிட்டிவ்தான் எர்த். பார்க்காமல் இணைத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். டேங்குக்குள் நுழையும் ஒயருக்கு அதற்கென்றே உள்ள சீல் செய்த இணைப்பு வாங்குங்கள். தகட்டில் ஓட்டை போட்டு சாதாரண சிலிக்கோன் அப்பினால் பெட்ரோலில் அது ஊதிக் கழன்றுவிடும். உள்ளே ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், விபத்தில் பம்பை நிறுத்துவது யார்? மோதியவுடன் கரண்டைத் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். அதோடு ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டும் பம்புக்குக் கரண்ட் போகும்படி ஒரு சுவிட்ச் வைத்தால் இன்னும் நல்லது. எச்சரிக்கை விளக்குக்கு இருக்கும் சுவிட்சையே இதற்குப் பயன்படுத்த முடியாது, அது அழுத்தம் வந்தால் திறக்கும், நமக்கு வேண்டியது அழுத்தம் வந்தால் மூடுவது. ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் பம்ப் ஓட ஒரு தனி வழியும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் நல்ல ஒயர்மேன் ஒருவரிடம் விட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை, இது உயிர் சம்பந்தப்பட்டது. காலி டேங்க்தானே என்று யாரும் கிரைண்டரையோ வெல்டிங்கையோ பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். பம்ப் வைக்க டேங்கின் தகட்டை வெட்டுவதாக இருந்தால் டேங்கைக் கழற்றி, அந்த வேலையே செய்பவர்களிடம் கொடுத்து, கழுவி ஆவி போக்கிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். உள்ளே துரு இருந்தால் அதை எடுக்காமல் பம்ப் வைக்காதீர்கள், பம்பின் சல்லடை சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

பழைய டேங்குகளில் பம்பைச் சுற்றிப் பெட்ரோலைப் பிடித்துவைக்கும் கிண்ணம் கிடையாது. பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் வளைவுகளில் கால் டேங்க் பெட்ரோலோடு போனால் அது ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், அதைக் குளிர்விக்கவும் ஒன்றும் இருக்காது. தகட்டில் சின்னக் கிண்ணம் ஒன்று செய்து வைக்கலாம். இல்லையென்றால் கால் டேங்குக்குக் கீழே இறங்கும்முன் பெட்ரோல் ஊற்றிவிடுங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் உடனே ஓட்டிப்பார்க்கக் கிளம்பாதீர்கள். டேங்க் நிறைய ஊற்றி, தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து கிளாம்புகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள், புது ஹோஸ் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.