லாட்வியா பண்ணையில லீகோ ராத்திரி: களை பறிக்கப் போறவங்களுக்கு

முதல்லயே சொல்லிடறேன், லாட்வியாவுல (வட ஐரோப்பாவுல பால்டிக் கடலோரம் இருக்கற சின்ன நாடு) யாஞிங்கற கோடைத் திருவிழா கொண்டாட்டத்த பார்க்கணும்னு ஜூன் 23 சாயங்காலமா போய் இறங்காதீங்க. அப்படி போனா நெருப்ப பார்ப்பீங்க, பீர் குடிப்பீங்க, நாலு போட்டோ எடுப்பீங்க, அவ்வளவுதான். ஒரு பத்து நாள் முன்னாடியே ஏதாவது பண்ணையில வேலைக்கு போய் உட்கார்ந்துடுங்க, ஏன்னா அந்த ராத்திரியில நடக்கறதுல பாதி, அதுக்கு முன்னாடி பார்த்த வேலைய பத்தின பேச்சுதான்.

தெரியாதவங்களுக்கு: ஜூன் 23 லீகோ, 24 யாஞி, ரெண்டும் அரசு விடுமுறை. சூரியன் உச்சத்துக்கு போறது 21 வாக்குலதான், ஆனா சர்ச் கணக்குல புனித ஜான் நாள் 24, பழைய கோடைத் திருவிழா அதோட ஒட்டிக்கிச்சு. யானிஸ்னு பேர் வச்ச எல்லாருக்கும் அன்னிக்கு பேர் நாள் (காலண்டர்ல ஒவ்வொரு பேருக்கும் ஒரு நாள் உண்டு, பிறந்த நாள் மாதிரி கொண்டாடுவாங்க), லாட்வியாவுல கல்லெறிஞ்சா ஒரு யானிஸ் மேலதான் விழும், அதனால வீட்டுக்கு ஒருத்தராவது அன்னிக்கு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். ரீகா நகரத்துல ஆளே இருக்காது, எல்லாரும் கிராமத்துக்கு கார் எடுத்துட்டு கிளம்பிடுவாங்க.

போறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியத வேகமா சொல்லிடறேன். பண்ணை தேடறதுக்கு வூஃப் (WWOOF) மாதிரி அமைப்புங்க இருக்கு (1971-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது), பொதுவா ஒரு நாளைக்கு நாலுலேர்ந்து ஆறு மணி நேரம் வேலை, பதிலுக்கு சாப்பாடும் படுக்க இடமும், காசு கிடையாது. டூரிஸ்ட் விசாவுல இத செய்யலாமாங்கறத நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, சோறும் தங்கற இடமும் கூட கூலிதான்னு நினைக்கற நாடுங்க உண்டு, தூதரகத்துக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. பண்ணைக்காரங்களுக்கு பிப்ரவரி மார்ச்லயே எழுதுங்க, "யாஞிக்கு நான் அங்க இருக்கலாமா, இல்ல அன்னிக்கு சொந்தக்காரங்க மட்டும்தானா"ன்னு நேராவே கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அப்புறம் உண்ணி. லாட்வியா புல்லுல இருக்கற உண்ணி கடிச்சா மூளைக்காய்ச்சல் வர வாய்ப்பு இருக்கு, அதுக்கு தடுப்பூசி உண்டு, முதல் ரெண்டு டோஸுக்கு நடுவுலயே 1லேர்ந்து 3 மாசம் இடைவெளி வேணும், அதனால கடைசி நேரத்துல ஓடி பிரயோஜனம் இல்ல. ஊசி போட்டாலும் லைம் நோய்க்கு (அதுவும் உண்ணி கடிச்சு வர்றதுதான்) அது உதவாது, தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி முட்டிக்கு பின்னாடி, அக்குள், காதுக்கு பின்னாடி எல்லாம் தடவி பாருங்க.

இப்ப வேலைக்கு வருவோம். நான் இருந்தது விட்ஸெமெ பகுதியில, ட்சேஸிஸ் ஊருக்கு பக்கத்துல, ரீகாவுலேர்ந்து ரயில்லயே போயிடலாம். அங்க கிராமம்னா நம்ம ஊர் மாதிரி தெரு, திண்ணை, டீக்கடை எல்லாம் கிடையாது, வயலுக்கு நடுவுல ஒத்த வீடு, அடுத்த வீடு கண்ணுக்கு தெரிஞ்சா உண்டு. போன மறுநாளே பண்ணைக்காரம்மா கையில ஒரு சின்ன மண்வெட்டிய குடுத்து கேரட் பாத்திய காட்டினாங்க. யாஞிக்குள்ள களை இல்லாம இருக்கணும், அவ்வளவுதான் சொன்னாங்க. ஏன் இவ்வளவு அவசரம்னு எனக்கு புரியல. அப்புறம்தான் தெரிஞ்சது, லீகோ ராத்திரி அக்கம்பக்கத்து ஆளுங்க பாடிக்கிட்டே வருவாங்க, வந்து தோட்டத்த ஒரு நோட்டம் விட்டுட்டு, களை இருந்தா அத வச்சே வீட்டம்மாவ கிண்டல் பண்ணி பாடுவாங்க, இது இன்னிக்கு நேத்து வழக்கம் இல்ல. அதாவது உங்க கையில இருக்கற மண்வெட்டியிலதான் அந்தம்மாவோட மானம் இருக்கு.

நான் என்ன பண்ணேன், முதல் நாளே ஒரு முழு வரிசை கேரட் நாத்த களைன்னு நினைச்சு புடுங்கிட்டேன். கேரட் நாத்து சின்னதா இருக்கும்போது கொத்தமல்லி இலை மாதிரிதான் இருக்கும், பக்கத்துல முளைக்கற சில களையும் அப்படியேதான் இருக்கும், அதனால சந்தேகம் வந்தா ஒண்ண கிள்ளி முகர்ந்து பாருங்க, கேரட் வாசனை தெரியும். அந்தம்மா திட்டல, ஒரு பெருமூச்சு மட்டும் விட்டாங்க, அது இன்னும் மோசமா இருந்துச்சு.

22ந்தேதி வாக்குல சீஸ் செய்வாங்க, அன்னிக்கு எப்படியாவது அடுப்படியில இடம் பிடிச்சுடுங்க, தோட்ட வேலைய காலையிலயே முடிச்சுட்டு. யாஞு சியர்ஸ்னு பேரு, நம்ம பன்னீர் தெரிஞ்சவங்களுக்கு பாதி வேலை தெரிஞ்சதுதான். பெரிய அண்டாவுல 10 லிட்டர் பால், கொதிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி வர்ற வரைக்கும் சூடு பண்ணி, அதுல ரெண்டு மூணு கிலோ திரட்டுன தயிர்க்கட்டிய உதிர்த்து போட்டு மெதுவா கிளறணும், தண்ணி தெளிஞ்சு பச்சை நிறமா பிரிஞ்சதும் துணியில வடிகட்டணும். இது வரைக்கும் பன்னீர். அதுக்கப்புறம்தான் மாறுது, அந்த கட்டிய திரும்ப சட்டியில போட்டு வெண்ணெய், அடிச்ச முட்டை, உப்பு, கேரவே விதை எல்லாம் சேர்த்து சின்ன தீயில வச்சு கிளறிக்கிட்டே இருக்கணும், மாவு மாதிரி இழுவையா சட்டிய விட்டு வர்ற வரைக்கும். கை வலிச்சுப் போற வேலை, அதனாலதான் வாலன்டியர்கிட்ட குடுப்பாங்க. கேரவே பார்க்க சீரகம் மாதிரியேதான் இருக்கும், ஆனா சீரகம் இல்ல, ருசி சோம்புக்கு பக்கத்துல போகும். நான் "எங்க ஊர் சீரகம் பையில இருக்கு, போடட்டுமா"ன்னு கேட்டு ஒரு பார்வை வாங்கினேன், நீங்க கேட்காதீங்க. கடைசியா துணியில உருண்டையா கட்டி மேல கல் வச்சு அமுக்கிடுவாங்க. வட்டமா மஞ்சளா வரும் பாருங்க, அது சூரியன்னு சொல்றாங்க.

23 காலையில இலை தழை பறிக்க போகணும். இதுக்கு கூப்பிடாட்டியும் போங்க. பிர்ச் மரத்து கிளைய வெட்டி வாசல்ல ரெண்டு பக்கமும் நட்டு வைப்பாங்க, மாட்டுக்கொட்டகை கதவுல ரோவன் கிளை, முள்ளுச்செடி எல்லாம் சொருகுவாங்க, சூனியக்காரி உள்ள வரக்கூடாதாம். குளத்தங்கரையில கத்தி மாதிரி நீட்டு நீட்டா இலை இருக்கும், அத கட்டு கட்டா அறுத்துட்டு வந்து வீட்டுக்குள்ள பரப்புவாங்க. அந்த இலைய கசக்கினேன் பாருங்க, எங்க ஆச்சி பிள்ளைங்க கையில கட்டற அதே வாசனை. வசம்பு. நாலாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போய் வசம்ப மிதிச்சுக்கிட்டு சாப்பிட்டேன், நம்ப முடியல.

அப்புறம் தலைமாலை. (மலர் வளையம்னு எழுதலாம், ஆனா நமக்கு அது சாவு வீட்டு சமாச்சாரம்.) ஆம்பளைங்களுக்கு ஓக் இலை, பொம்பளைங்களுக்கு வயல் பூ, டெய்சி, நீலப்பூ, க்ளோவர்னு எது கிடைக்குதோ. மாட்டுக்கும் உண்டு. ஓக் மாலை கட்டறது பார்க்க சுலபம், கட்டினா பத்து நிமிஷத்துல அவிழும், ஏன்னா காம்பு குட்டையா இருக்கும், அதனால தனி இலையா பறிக்காம விரல் நீள குச்சியோட சேர்த்து ஒடிங்க, நாலஞ்சா சேர்த்து நூலால சுத்திக்கிட்டே அடுத்த கொத்த மேல வைங்க, கதம்பம் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு கை தானா போகும். தலைய விட கொஞ்சம் பெருசாவே கட்டுங்க, காய்ஞ்சா சுருங்கும். ரொம்ப வயசான பெரிய ஓக் மரங்க சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, எந்த மரத்துல ஒடிக்கலாம்னு வீட்ல கேட்டுட்டு ஒடிங்க.

சாயங்காலம் பிர்ட்ஸ், அதாவது விறகு அடுப்பு சானா, நீராவிக் குளியல். பிர்ச் இலைக்கட்டால முதுகுல தட்டுவாங்க, அடிக்கற மாதிரி தெரியும், வலிக்காது. துணி எவ்வளவு, யார் யார் சேர்ந்து போறதுங்கறது வீட்டுக்கு வீடு மாறும், கூச்சப்படாம முன்னாடியே கேட்டுடுங்க, எனக்கு கடைசி நிமிஷத்துல தெரிஞ்சு முழிச்சது போதும்.

சாப்பாட்டுல சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை, பீராகின்னு பிறை வடிவத்துல சின்ன பன் வரும், பார்க்க சோமாசி மாதிரி அப்பாவியா இருக்கும், உள்ள இருக்கறது பன்னிக்கொழுப்பு. கம்பு மாதிரி கருப்பா இருக்கற ரை ரொட்டி, சீஸ், புது வெள்ளரி, முள்ளங்கி, இதுல ஓட்டிடலாம். பீர் தண்ணி மாதிரி ஓடும், வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், க்வாஸ் (ரொட்டிய புளிக்க வச்சு செய்யற பானம்) கேளுங்க. கடைங்க சீக்கிரம் மூடிடும், பஸ் குறைஞ்சிடும், வேணுங்கறத 22லயே வாங்கிடுங்க. குடிச்சவங்க ஓட்டற கார்ல ஏறாதீங்க, அன்னிக்கு ராத்திரி ரோடெல்லாம் போலீஸ் நிக்கும்.

பாட்டுக்கு தனியா தயாராகணும். நாலு வரி பாட்டுங்க, ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி "லீகோ, லீகோ"ன்னு எல்லாரும் இழுப்பாங்க, அந்த வார்த்தைக்கு அர்த்தமே ஆடறது, அசையறதுதான். ஒருத்தர் எடுத்துக்குடுப்பார், மத்தவங்க பிடிச்சுப்பாங்க, நீங்க அந்த "லீகோ"வ மட்டும் பிடிச்சா போதும், ராத்திரி பூரா ஓட்டலாம். லாட்வியாக்காரங்களுக்கு நாலு வரி பாட்டுன்னா விளையாட்டு இல்ல, க்ரிஷ்யானிஸ் பரோன்ஸ்ங்கறவர் 1894லேர்ந்து 1915 வரைக்கும் கிட்டத்தட்ட 2,18,000 நாட்டுப்பாட்டுங்கள தொகுத்து வெளியிட்டார், அவர் அந்த சீட்டுங்கள வச்சிருந்த மர அலமாரியே யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

கிண்டல் பாட்டு ஆரம்பிச்சா ஒளியாதீங்க. பக்கத்து பண்ணை ஆளுங்க வந்தாங்க, பாத்திய சுத்தி பார்த்தாங்க, ஒரு பாட்டி என்னைய காட்டி நாலு வரி எடுத்து விட்டுது, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, கேட்டா "தூர தேசத்து பையன் வந்தான், களைய வளர்த்தான், கேரட்ட களைஞ்சான்"னு வருதாம். விஷயம் அதுக்குள்ள ஊரெல்லாம் பரவியிருக்கு. திட்டு வாங்கறதுக்கு வருத்தப்படக்கூடாது, பதிலுக்கு பாடணும், அதுதான் மரியாதை, நம்ம எசப்பாட்டேதான். எனக்கு லாட்விய மொழி பல்தியெஸ், அதாவது நன்றி, அதுக்கு மேல தெரியாது, அதனால தமிழ்லயே "பாட்டி பல்ல எண்ணிப்பாரு, என் கேரட்ட அப்புறம் எண்ணு"ன்னு வாய்க்கு வந்தத இழுத்தேன், கடைசியில லீகோ போட்டேன், ஒருத்தருக்கும் புரியல, ஆனா மொத்த கூட்டமும் லீகோவ பிடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் பாட்டி என் தட்டுல சீஸ் வச்சுக்கிட்டே இருந்துது.

சூரியன் மறையறது 10:20 வாக்குல, அப்பதான் நெருப்பு வைப்பாங்க, கூடுமான வரைக்கும் மேட்டுல, வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுதோ அவ்வளவு தூரம் விளைச்சல் நல்லா இருக்கும்ங்கறது நம்பிக்கை. போன வருஷத்து காய்ஞ்ச மாலைங்கள அதுல போடுவாங்க. சோவியத் காலத்துல, 1959-ல கம்யூனிஸ்ட் கட்சிக்குள்ள தேசியம் பேசினவங்கள ஒதுக்கின பிறகு, இந்த பண்டிகைய விடுமுறைப் பட்டியல்லேர்ந்தே தூக்கிட்டாங்க, ஆனா ஒத்தை வீட்டு மேட்டுல எரியற நெருப்ப யார் போய் அணைக்கறது. நெருப்பு தாண்டணும்னா அது தணிஞ்சப்புறம் தாண்டுங்க, நைலான் ஜாக்கெட்ட கழட்டிட்டு. ஜோடி ஜோடியா காட்டுக்குள்ள பெரணிப்பூ (ஃபெர்ன் செடியோட பூ) தேட போறவங்கள பார்த்து நானும் வர்றேன்னு டார்ச் எடுத்துட்டு கிளம்பாதீங்க. பெரணி பூக்காது, அது அவங்களுக்கும் தெரியும்.

முக்கியமானது தூங்காம இருக்கறது. அன்னிக்கு தூங்கறவன் கோடை முழுக்க தூங்குவான்னு சொல்வாங்க, கண்ண மூடினா யாராவது உலுக்குவாங்க. ராத்திரி 10 டிகிரிக்கு கீழ கூட இறங்கும், மழையும் வரும், ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ், மாத்து சாக்ஸ் கையோட வைங்க. மதியம் ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்திருங்க, ராத்திரி ஒரு மணிக்கு மேல வர்ற தூக்கத்துக்கு சிறுசா எதையாவது செய்யுங்க, விறகு எடுத்துட்டு வர்றது, பாத்திரம் கழுவறது. இருட்டுன்னு பெருசா வராது, வடக்கு பக்கம் ஒரு வெளுப்பு இருந்துக்கிட்டே இருக்கும். 4:30க்கு சூரியன் வந்ததும் செருப்ப கழட்டிட்டு பனி ஈரத்துல நடப்பாங்க, முகத்துல தடவிப்பாங்க, நீங்களும் தடவிக்கோங்க, அப்புறம் கால்ல உண்ணி பார்க்க மறக்காதீங்க.

அதோட படுக்கலாம்னு நினைச்சா பண்ணையில மாடு இருக்கே. ஆறு மணிக்கு பால் கறக்கணும், அதுக்கு திருவிழா தெரியாது. நான் போனப்ப பண்ணைக்காரம்மா தலையில வாடின மாலையோட பக்கெட்ட நகர்த்திட்டு இருந்தாங்க, மாடு தன் கழுத்து மாலைய பாதி தின்னு முடிச்சிருந்துச்சு. என் ஓக் மாலைய கொட்டகை ஆணியில மாட்ட சொன்னாங்க, அடுத்த வருஷ நெருப்புக்கு. "கேரட் திரும்ப விதைக்கணும், சாப்பிட்டுட்டு வா"ன்னாங்க.