டோக்கியோவில் ரூம் போடுவதும் இரவில் சுற்றுவதும்: முதல்முறை வருபவர்கள் செய்யும் தவறுகள்

டோக்கியோவுக்கு முதல்முறை வரும் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, "ஒரு பார்வை பாத்துடுங்க" என்பார்கள். பகல் முழுவதும் அரைமணி அரைமணியாக நிரம்பியிருக்கும். இரவுக்கு மட்டும் "ஷின்ஜுகு, நைட்லைஃப்" என்று ஒற்றைக் கட்டம். ரூம் போட்டிருப்பது ஊரின் வேறொரு மூலையில். வந்த புதிதில் நானும் இதே லட்சணம்தான் என்பதால் சிரிக்கவும் முடிவதில்லை.

செருப்பைக் கழற்ற வேண்டும், டிப்ஸ் வேண்டாம் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி ரயிலைப் பார்க்காமல் ரூம் போடுவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் மறுபடி மறுபடி நடப்பது இதுதான். இதில் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

டோக்கியோ தூங்காத ஊர் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். ஊர் தூங்காது, ரயில் தூங்கும். நள்ளிரவு 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் ஒவ்வொரு தடமாக நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்குவது காலை 4:30, 5 மணி வாக்கில். போதாக்குறைக்கு, தண்டவாளப் பராமரிப்புக்கு இரவில் கூடுதல் நேரம் வேண்டும் என்று ஜே.ஆர். கிழக்கு ரயில்வே 2021 மார்ச்சில் டோக்கியோ வட்டாரத்தில் கடைசி வண்டிகளை அரைமணி நேரம் வரை முன்னால் தள்ளிவிட்டது. அதற்கு முன் எழுதிய பயணக் குறிப்பை நம்பி வருபவர்கள் பிளாட்பாரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். நிஷி-கசாயில் ரூம் போட்டிருந்தார். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி, தோசை கிடைக்கும், ஷின்ஜுகுவைவிட ஒரு இரவுக்கு 3,000 யென் மலிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஷின்ஜுகுவில் 12 மணி தாண்டி ரயில் ஏறினார். வண்டி கிடைத்துவிட்டதே என்று நிம்மதியாக ஈடபாஷியில் இறங்கினால், அங்கே மாற வேண்டிய தோசாய் தடத்தின் கடைசி வண்டி போயாகிவிட்டது. அப்புறம் டாக்ஸிதான். 2022 நவம்பரில் மாற்றிய கட்டணப்படி முதல் 1.096 கிலோமீட்டருக்கு 500 யென், பிறகு ஒவ்வொரு 255 மீட்டருக்கும் 100 யென், இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஆறாயிரம் யென்னை ஒட்டி வந்துவிடும். இரண்டு இரவு மிச்சம் பிடித்தது ஒரே ஓட்டத்தில் போயிற்று. அதற்கு மறுநாளும் ஷின்ஜுகுவுக்கே கிளம்பினார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் ஏறும் ரயிலின் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. வழியில் மாற வேண்டிய தடத்தின் கடைசி வண்டி எப்போது என்று பார்க்க வேண்டும். இரண்டு முறை மாற வேண்டிய இடம் என்றால், 11:30க்கே கிளம்ப வேண்டியிருக்கும். யாமனோதே வட்டத் தடம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பின்னிரவு வண்டிகள் முழுவட்டம் போகாது. ஒசாகி, ஷினாகவா, இகெபுகுரோ என்று பாதியில் இறக்கிவிட்டு விடும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு அட்டவணையே வேறு. சில தடங்களில் கடைசி வண்டி வார நாளைவிடச் சீக்கிரம். ஆக, நாம் சுற்றக் கிளம்பும் சனிக்கிழமைதான் நேரம் இன்னும் குறைவு.

அதனால் வரிசையை மாற்றுங்கள். இரவு எங்கே என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் ரூம் தேடுங்கள். நடந்து போகும் தூரம், இல்லையென்றால் மாறாமல் ஒரே ரயிலில் போகும் தூரம். ஷின்ஜுகுவின் குட்டி பார்கள் நிறைந்த சந்துகளான கோல்டன் காய், அதை ஒட்டிய கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோ பக்கம் என்றால் ஹிகாஷி-ஷின்ஜுகு, ஷின்-ஒகுபோ இரண்டிலிருந்தும் நடக்கலாம். ஆசகுசா பிடித்திருக்கிறது, அங்கேதான் தங்குவேன் என்றால் தாராளமாகத் தங்குங்கள்; ஆனால் இரவுக்கு ஷின்ஜுகுவை விட்டுவிட்டு ஷிபுயா போங்கள். கின்ஸா தடத்தின் ஒரு முனை ஆசகுசா, மறுமுனை ஷிபுயா. ஏறி உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்று. 11:30க்குக் கிளம்புங்கள், அல்லது முதல் ரயில் வரை இருங்கள். ஒன்றரை மணிக்கு வெளியே வருவதுதான் இருப்பதிலேயே மோசம். உள்ளூர்க்காரர்கள் ரயிலை விட்டுவிட்டால் கரோக்கே அறையிலோ, காமிக்ஸ் படிக்கும் மாங்கா கஃபேயிலோ விடியும் வரை கிடப்பார்கள். டாக்ஸியைவிட அது மலிவு.

கேப்ஸ்யூல் விடுதியில் மூன்று இரவு

ஆள் ஒருவர் படுக்கும் அளவுக்கு ஒரு கூண்டு, அவ்வளவுதான். ஒரு இரவு அனுபவத்துக்குச் சரி. 1979இல் ஒசாகாவில் தொடங்கிய முறை. ரயிலை விட்டவர்களுக்காகவே நடத்துவது போல ஸ்டேஷன் அருகிலேயே இருக்கும். ஆனால் பல இடங்களில் தொடர்ந்து தங்கினாலும் தினமும் காலை 10 மணிக்குக் காலி செய்து, மதியத்துக்கு மேல்தான் மறுபடி உள்ளே விடுவார்கள். விடிகாலை 5 மணிக்கு வந்து படுப்பவருக்கு இது எப்படி ஒத்துவரும்? கூண்டின் வாயில் பூட்டு கிடையாது, திரைதான். பெரிய பெட்டிக்கு லாக்கரில் இடம் இருக்காது. ஆணும் பெண்ணும் வேறு வேறு தளம், சில இடங்கள் ஆண்களுக்கு மட்டும். தம்பதியாக வருபவர்கள் இதைப் பார்க்காமலேயே பணம் கட்டிவிடுகிறார்கள்.

ஒருவர் என்று போட்டு இருவராகப் போவது

இங்கே ரூமுக்கு மட்டுமல்ல, தலைக்கும் கணக்கு. "செமி டபுள்" என்றால் கட்டில் அகலம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். இருவர் என்று சொல்லியே போடுங்கள், கட்டிலை நினைத்துப் போடுங்கள்.

சாப்பாட்டோடு ரியோகான் போட்டுவிட்டு ஊர் சுற்றத் திட்டமிடுவது

ரியோகான் என்பது ஜப்பானியப் பாரம்பரிய விடுதி. இரவுச் சாப்பாடு ஆறு, ஏழு மணிக்கு. சில இடங்களில் வாசல் கதவையே இரவு சாத்திவிடுவார்கள். ரியோகானில் தங்கும் நாள் ரியோகானுக்கு மட்டும்.

பாருக்கு வாங்க என்று தெருவில் கூப்பிடுபவர் பின்னால் போவது

போகாதீர்கள். கபுகிச்சோவில் ஒலிபெருக்கியே அதைத்தான் சொல்கிறது.

கேட்காத தட்டுக்குச் சண்டை போடுவது

இசகாயாவில், அதாவது குடித்துக்கொண்டே சாப்பிடும் கடையில், உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வரும். ஒதோஷி என்பார்கள். 300 முதல் 500 யென் பில்லில் ஏறும். அது ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம். கோல்டன் காயில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் பார்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இருக்கைக் கட்டணம் தனி, சிலவற்றில் வழக்கமாக வருபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இடமில்லை. கதவில் கட்டணம் எழுதியிருந்தால் உள்ளே போங்கள். நான்கு பேராகப் போய் ஒரே பாரில் உட்கார நினைப்பது வீண். இரண்டு இரண்டாகப் பிரியுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் போதையேறுவதற்குள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குளிர்ந்த தோஃபு மேல் தூவி வருவது மீன் சீவல். சூப், குழம்பு பெரும்பாலும் மீன் சாறு. எடமாமே எனும் வேகவைத்த பச்சை சோயாவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

ஷிபுயா தெருவில் பீர் கேனோடு நிற்பது

2024 அக்டோபர் முதல் ஸ்டேஷன் சுற்றுவட்டாரத்தில் மாலை 6 முதல் காலை 5 வரை தெருவில் குடிக்கத் தடை. ஆண்டு முழுவதும்.

25 மணியைக் கண்டு குழம்புவது

பார் வாசலில் "18:00 – 26:00" என்று இருக்கும். 26 என்றால் பின்னிரவு 2 மணி. விடுதி செக்-இன்னிலும் இதே கணக்கு. 10ஆம் தேதி பின்னிரவு 12:40க்கு ஹனெதா விமான நிலையத்தில் இறங்குபவர்கள் 10ஆம் தேதிக்கே ரூம் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது 9ஆம் தேதி இரவு. 10ஆம் தேதிக்குப் போட்டால் மதியம் 3 மணிக்குத்தான் சாவி. தாமதமாக வருவேன் என்று முன்பே எழுதிவிடுங்கள். சின்ன விடுதிகளில் வரவேற்பு மேசை இரவில் மூடியிருக்கும்.