உணவகச் சுவரில் கடல்: செட்டிநாட்டில் ஒரு புகைப்படக் கண்காட்சியை அமைக்கும் முறை

செட்டிநாட்டின் எந்த ஊர் மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. ஆனாலும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் நகரத்தாரின் வீடுகளில் தூணாக நிற்கும் பர்மாத் தேக்கு கடல் கடந்து வந்ததுதான். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகக் கிழக்கே போனால் தொண்டிக் கடற்கரையும் வந்துவிடும். ஆகவே காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை உணவகமாக்கி நடத்துபவர்கள் கடற்படக் கண்காட்சி ஒன்றை வைக்க விரும்புவது பொருத்தமானதே. ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்: அங்கு வருபவர் சாப்பிட வருகிறார். அவருடைய இலைக்கும் பரிமாறுபவரின் கைக்கும் படம் இடைஞ்சலாக இல்லாவிட்டால்தான் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

முதலில் சுவரைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் ஓட்டை மட்டும் விழாது, சுற்றிலும் பூச்சு செதில் செதிலாக உதிரும். அதைப் பழையபடி இழைத்துத் தரும் கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதும் எளிதன்று. எனவே சுவரில் ஆணி அடிக்காமல், தாழ்வாரத்தின் மேல்சட்டத்திலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியில் படங்களைத் தொங்கவிடுவதே நல்லது. அதற்கு வழியில்லாத இடத்தில் மரத்தாங்கிகளை நிறுத்தலாம். வேலை நடக்கும்போது ஏணியின் காலுக்குக் கீழே சாக்கு விரிக்க மறக்காதீர்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் போகாது. அடுக்களை வாசலுக்கு அருகிலும், கை கழுவும் இடத்தின் பக்கத்திலும், சாம்பார் வாளியோடு ஆட்கள் திரும்பும் மூலையிலும் படமே வேண்டாம்.

கடற்படங்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் தொடுவானம். பூவோ முகமோ உள்ள படம் சற்றுச் சாய்ந்து தொங்கினால் பலர் கவனிக்க மாட்டார்கள். கடல் சாய்ந்தால் யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் கணினியிலேயே தொடுவானத்தை நேராக்க வேண்டும், மாட்டும்போது ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே கம்பியில் தொங்கும் படம் மின்விசிறிக் காற்றுக்கே திரும்பிக்கொள்ளுமாதலால் இரண்டு கம்பிகள் அவசியம். ஒரே வரிசையில் பல படங்கள் வரும்போது வழக்கமாகச் சட்டங்களின் மேல்விளிம்பைச் சமப்படுத்துவார்கள். நான் பரிந்துரைப்பது வேறு: சட்டங்கள் சற்று ஏறியிறங்கி நின்றாலும் தொடுவானக் கோடுகள் ஒரே மட்டத்தில் வருமாறு கயிறு கட்டி அளந்து மாட்டுங்கள். தாழ்வாரம் முழுவதும் ஒரே கடல் ஓடுவதாகக் கண் எடுத்துக்கொள்ளும்.

நின்று பார்க்கும் இடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். மேசை போட்ட இடத்தில், உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் கீழ்விளிம்பு வர வேண்டும். அப்படி உயர்த்தும்போது, பழைய செட்டிநாட்டு வீடுகளில் சாமி படங்களையும் முன்னோர் படங்களையும் மாட்டியிருப்பதுபோல மேற்பக்கத்தைச் சற்று முன்னால் சாய்த்துவிட்டால் பார்ப்பதற்கும் வசதி, வளவு எனப்படும் நடுமுற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசுவதும் குறையும்.

அச்சில் சிக்கனம் பார்ப்பவர்கள் அளவில் பார்க்கலாம், தரத்தில் பார்க்கக் கூடாது. 12க்கு 18 அங்குலப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வர வேண்டுமானால் 3,600க்கு 5,400 பிக்சல், அதாவது ஏறத்தாழ 20 மெகாபிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கிப் போயிருக்கும், மூலக்கோப்பையே கேட்டு வாங்குங்கள். பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு, முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்டுச் சட்டத்தின் பின்பக்கத்தை ஒட்டி அடைத்துவிட வேண்டும். கேன்வாஸ் அழகுதான், ஆனால் தாளிப்பு எண்ணெய்ப் புகை அதில் படிந்தால் துடைக்க முடியாது. மஞ்சள் விளக்கின் கீழ் நீலம் சோர்ந்து சாம்பலாகத் தெரியும்; சாப்பாட்டு மேசைக்கு மஞ்சள் வெளிச்சமே இருக்கட்டும், படங்களுக்கு மட்டும் மஞ்சள் குறைந்து வெண்மை கூடிய, 4,000 கெல்வின் அளவுள்ள எல்.இ.டி. விளக்குகளைச் சாய்வாகப் பொருத்தலாம். எல்லாவற்றையும் அச்சடிக்கும் முன் ஒரு படத்தை மட்டும் அச்சிட்டு, இரவு வேளையில் அதே சுவரில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

படங்களைத் தேர்ந்தெடுப்பதில் உணவகத்துக்கென்று ஒரு நாகரிகம் உண்டு. திருக்கை அறுக்கும் படமும், கண் விழித்துக் கிடக்கும் மீன் குவியலும் எவ்வளவு சிறப்பாக வந்திருந்தாலும் தயிர்சாதம் சாப்பிடுபவரின் எதிரே வேண்டாம். புயல் அழிவும் சுனாமி நினைவும் வேறோர் அரங்குக்கு உரியவை. தொண்டிப் பக்கத்துப் பாக் நீரிணை ஆழம் குறைந்தது, காற்றில்லாத விடியலில் குளம்போலக் கிடக்கும் என்பதால், கன்னியாகுமரி அலையை எதிர்பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். அந்த அமைதியையும், இடுப்பளவு நீரில் வத்தை என்னும் சிறு படகைத் தள்ளிக்கொண்டு போகும் ஆளையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றி வர்ணம் பூசப்படும் விசைப்படகுகளையும் தேர்ந்தால் இந்தக் கரைக்கே உரிய தொகுப்பு அமையும். பதினைந்து படங்கள் போதும். எண்ணிக்கை கூடக்கூட எல்லாமே ஒரே நீலமாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர், ஆண்டு, நேரம் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் இரண்டு வரிகளுக்குள் எழுதுங்கள். படத்தில் அடையாளம் தெரியும்படி மீனவர் இருந்தால் அவருடைய இசைவைக் கேளுங்கள். முடிந்தால் ஒரு பிரதியும் கொடுங்கள். விற்பனையில் உணவகத்துக்கு எவ்வளவு பங்கு, குழம்பு தெறித்தாலோ கண்ணாடி உடைந்தாலோ யார் பொறுப்பு, படத்தை உணவகத்தின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பவற்றை முன்கூட்டியே தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். படத்தை வாங்குவதால் மட்டும் பதிப்புரிமை கைமாறுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவு ஈரம் காத்துத் தாள் நெளியும் என்பதால் தை பிறந்த பின் தொடங்குவது சரியாக இருக்கும். முகூர்த்த நாளைத் தவிர்த்து, மதியப் பந்தி ஓய்ந்து இரவுக் கூட்டம் தொடங்காத நான்கு மணி வாக்கில் தொடக்க விழாவை வைத்தால், புகைப்படக்காரர் பணியாரமும் காபியுமாக வந்தவர்களோடு நின்று பேச முடியும். விற்ற படத்தைக் கண்காட்சி முடியும்வரை இறக்காமல் ஓரத்தில் சிறு சிவப்புப் பொட்டு ஒட்டி வையுங்கள். கண்ணாடியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கும்போது தண்ணீரைப் படத்தின் மேல் நேரே தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்குமாறு பணியாளருக்குச் சொல்லிவிடுங்கள். ஓரத்தில் இறங்கும் நீர் தாளைக் கறையாக்கிவிடும்.