குரூப் 4 தோல்வி பயம்: மார்க்கைத் தின்னும் தவறுகள்

தமிழ்நாடு அரசு வேலைகளுக்காக டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களிடம் "எப்படிப் போகுது?" என்று கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: "இந்தத் தடவை சும்மா எழுதிப் பார்க்கலாம்னு இருக்கேன்." காலை முதல் இரவு வரை நூலகமே கதி என்று கிடப்பவர்கூட இப்படித்தான் சொல்வார். நாளைக்கு ரிசல்ட் சரியில்லை என்றால் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இன்றே பதில் தயாராகிவிடுகிறது.

பயப்படுவதில் ஒரு குற்றமும் இல்லை. 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வை 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு கூட்டினார்கள், அப்படியும் 10,000-ஐத் தொடவில்லை. எழுதுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்த முறை வேலை கிடைக்காது. அப்படி ஒரு தேர்வை நினைத்து வயிறு கலங்குவது இயல்பு. ஆனால் அந்தக் கலக்கத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக நாம் செய்கிற சில காரியங்கள் இருக்கின்றன. மார்க்கைத் தின்பவை அவைதான்.

"சும்மா எழுதுகிறேன்" என்பது அவற்றில் முதலாவது. 1978-இல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். விடையே இல்லாத கேள்விகளைச் சில மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, "பிரமாதமாகச் செய்தீர்கள்" என்று பாராட்டினார்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால் இரண்டு மாத்திரைகளைக் காட்டினார்கள். ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று சொல்லி, விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எப்படி ஜெயித்தோம் என்றே புரியாத அந்த மாணவர்களில், குறிப்பாக ஆண்களில், பலர் கேட்டு வாங்கியது மந்தமாக்கும் மாத்திரையை. தோற்றால் பழியை மாத்திரை மேல் போடலாம் அல்லவா! தேர்வுக்கு முந்தைய வாரம் திடீரென்று ஊர்க் கல்யாண வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதும், விடிய விடிய போனைப் பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு ஹாலுக்குப் போவதும் அதே மாத்திரைதான். "நான் சரியாகப் படிக்கவில்லை" என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. "படித்தும் வரவில்லை" என்பதைச் சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை.

இருப்பதிலேயே பெரிய தவறு மாக் டெஸ்ட்டை, அதாவது வீட்டிலேயே எழுதிப் பார்க்கும் மாதிரித் தேர்வை, தள்ளிப்போடுவது. "சிலபஸ் முடியட்டும், அப்புறம் டெஸ்ட் போடலாம்" என்பார்கள். சிலபஸ் முடியாது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஆரம்பித்துப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வருவதற்குள் ஆறாம் வகுப்பு மறந்திருக்கும், திரும்பவும் முதலிலிருந்து. படித்ததையே திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்தத் தெம்புதான் ஆளை ஏமாற்றுகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியதும் இதைத்தான். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். அதாவது டெஸ்ட் என்பதே ஒரு படிப்பு. படித்து முடித்த பிறகு வந்து தீர்ப்பு சொல்கிற நீதிபதியாக அதைப் பார்ப்பதால்தான் பயம்.

இதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயம் குறைவது இந்த இடத்தில்தான். டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றைப் பிரிண்ட் எடுங்கள். உண்மையான தேர்வு நேரமான காலை 9.30-க்கு உட்கார்ந்து 12.30 வரை எழுந்திருக்காதீர்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். 200 கேள்வி, 300 மதிப்பெண். விடையை வினாத்தாளிலேயே டிக் அடிக்காமல், ஓஎம்ஆர் மாதிரித் தாளில் வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்புங்கள். அந்த வேலை எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

திருத்தும்போது மொத்த மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மூடிவைக்காதீர்கள். ஒவ்வொரு தவறுக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். சுத்தமாகத் தெரியாததற்கு "தெ". படித்தும் மறந்ததற்கு "ம". "பொருந்தாதது எது" என்பதைப் "பொருந்துவது" என்று அவசரத்தில் படித்துவிட்டுத் தப்பாகப் போட்டதற்கு "அ". எண்ணிப் பாருங்கள். "ம"வும் "அ"வும் பெரும்பாலானோர் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். "எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்று நினைத்துக்கொண்டிருந்தவர், இந்தப் பதினைந்து கேள்வியை இரண்டாவது முறை நிதானமாகப் படித்திருந்தாலே போதும் என்று கண்ணால் பார்க்கிறார். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி இறங்கிவிடும்.

அடுத்த தவறு ஓஎம்ஆர் தாளிலேயே நடப்பது. விடை தெரியாவிட்டால் நிரப்புவதற்கென்றே ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள், இரண்டு விடைகளுக்கு நடுவே சந்தேகம் வந்தால்கூட அந்த வட்டத்துக்கு ஓடிவிடுகிறார்கள். தவறான விடைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் கழிப்பதில்லை. நான்கில் இரண்டைத் தள்ளிவிட்ட கேள்விகள் 20 இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சராசரியாகப் பத்து சரியாகும். கேள்விக்கு ஒன்றரை வீதம் அது 15 மதிப்பெண். ஒரே மார்க்கில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் தேர்வில் 15 என்பது சாதாரண விஷயமா?

பயந்த பாடத்தையே கட்டிக்கொண்டு அழுவதும் உண்டு. கணக்கு வராது என்ற பயத்தில் மாதக்கணக்காகக் கணக்கே போடுவார்கள். கணக்கு வரும் திறனறிவுப் பகுதி 25 கேள்விதான். தமிழில் 100 கேள்வி, அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். "தமிழ்தானே" என்று விட்டவர்கள் இங்கே விழுகிறார்கள்.

தேர்வு நாளன்று கை நடுங்குகிறவர்களுக்கு ஒரு வழி. 2011-இல் ரமிரெஸ், பெய்லாக் இருவரும் செய்த ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன்பு பத்து நிமிடம் தங்கள் கவலைகளை அப்படியே தாளில் எழுதியவர்கள் நன்றாகச் செய்தார்கள். தேர்வு என்றாலே பதறுகிறவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஹாலுக்குள் போகுமுன் கிடைக்கும் நேரத்தில், கடைசி நிமிட நோட்ஸைப் புரட்டுவதற்குப் பதில் இதைச் செய்து பார்க்கலாம்.

தேர்வு முடிந்ததும் ஆன்சர் கீ வந்தால், "மனசு கெட்டுப்போகும், வேண்டாம்" என்று சிலர் பார்ப்பதே இல்லை. ரிசல்ட் வரும்வரை மாதக்கணக்கில் அந்தரத்தில் தொங்குவது அதைவிட மோசம். கீ வந்த வாரமே மார்க் போட்டுப் பாருங்கள். கீயில் பிழை என்று பட்டால் ஆட்சேபணை தெரிவிக்க அப்போது சில நாள்தான் அவகாசம் இருக்கும், அதையும் விட்டுவிடக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சித்தப்பாவோ அத்தையோ வரும்போதெல்லாம் "என்னம்மா, இந்தத் தடவையாவது கெடைச்சிடுமா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "இந்த வாரம் டெஸ்ட் போட்டியா?" என்று கேளுங்கள், அதற்குப் பிள்ளையால் பதில் சொல்ல முடியும். தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் குலைந்து, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு வந்தால் தேர்வைத் தள்ளிவையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக, வேறு எந்த வேலையும் பார்க்காமல் இது ஒன்றையே நம்பி உட்கார்வது. டியூஷனோ, கடைக்கணக்கோ, பகுதி நேரமாக ஏதோ ஒன்று கையில் இருக்கட்டும். எத்தனை அட்டெம்ப்ட் எழுதுவது என்பதை ரிசல்ட் வந்த அன்று அழுதுகொண்டே முடிவு செய்யாமல், விண்ணப்பம் போடும்போதே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசி, எந்த வருடம் வரை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.