ஸ்பீக்கர் பெட்டி மென்பொருளுக்குப் பயன்படும் பின்னூட்டம் எழுதுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஸ்பீக்கர் பெட்டியை நாமே செய்து பார்க்கலாம் என்று இறங்குகிற எல்லோரும் மரத்தை வெட்டும் முன் ஒரு மென்பொருளைத் திறக்கிறோம். வின்ஐஎஸ்டி, ஹார்ன்ரெஸ்ப் மாதிரி இலவசமாகக் கிடைப்பவையே பெரும்பாலான வேலைக்குப் போதும். டிரைவரின் (பெட்டியில் பொருத்தும், கூம்பு அசைந்து ஒலி தரும் பாகம்) எண்களைக் கொடுத்தால் பெட்டி எத்தனை லிட்டர், போர்ட் குழாய் (பெட்டியின் துளையில் பொருத்தும் குழாய்) எவ்வளவு நீளம், பாஸ் எதுவரை இறங்கும் என்று வரைபடம் போட்டுக் காட்டிவிடும்.

பெட்டியைச் செய்து முடித்த பிறகுதான் சிக்கல். வரைபடம் சொன்னது ஒன்று, காதில் விழுவது வேறொன்று. உடனே உருவாக்கியவருக்கு "உங்கள் மென்பொருள் தப்பாகக் கணக்குப் போடுகிறது" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடுகிறோம். இப்படிப்பட்ட மென்பொருள்கள் பலவும் ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் வளர்ப்பவை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர்களால் எதையும் திருத்த முடியாது. எண்ணோடு வருகிற புகாரைத்தான் திருத்த முடியும். அந்த எண்களை எப்படிச் சேர்ப்பது, எப்படி எழுதி அனுப்புவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: இது எந்த வகைக் குறை?

நான்கு வகை உண்டு. கணக்கு தவறாக வருகிறது. கணக்கு சரி, ஆனால் பயன்படுத்தத் தடுமாற வைக்கிறது. தேவையான வசதி இல்லை. உதவிப் பக்கம் புரியவில்லை. ஒரு கடிதத்தில் ஒரு வகை மட்டும் எழுதுங்கள். நான்கையும் கலந்து அனுப்பினால் படிப்பவர் சுலபமானதை முடித்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கடைசி மூன்றுக்கும் பெரிய தயாரிப்பு வேண்டாம். "கணக்கு தவறு" என்பதற்குத்தான் வேண்டும். அதனால் அடுத்த மூன்று படிகளும் அதற்கே.

படி 2: நீங்கள் கொடுத்த எண்களை முதலில் சந்தேகப்படுங்கள்

இந்த மென்பொருள்கள் எல்லாம் தீல்-ஸ்மால் எண்களை வைத்து ஓடுபவை. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961ல் துளையிட்ட பெட்டிகளைப் பற்றி எழுதியதையும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை விரித்து எழுதியதையும் வைத்து வந்த பெயர் அது. ஒரு டிரைவரின் பாஸ் குணத்தைச் சில எண்களில் அடக்கிவிடலாம் என்பதே இதன் அடிப்படை. முக்கியமானவை மூன்று: எஃப்எஸ் (திறந்த வெளியில் டிரைவரின் ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது), விஏஎஸ் (டிரைவரின் தொங்கல், அதாவது கூம்பைத் தாங்கும் நெகிழ்வான பாகங்கள், எவ்வளவு காற்றுக்குச் சமமாக நெகிழ்கிறது).

அலகை ஒரு தடவை பாருங்கள். சில டேட்டாஷீட்டுகளில் (டிரைவர் தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) விஏஎஸ் கன அடியில் இருக்கும். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். 2.1 என்ற எண்ணை லிட்டர் கட்டத்தில் போட்டுவிட்டால் வரும் வரைபடத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், பெட்டி செய்ய முடியாது. தசமப் புள்ளியையும் பாருங்கள். சில நாட்டு அமைப்புகளில் கணினி புள்ளிக்குப் பதில் காற்புள்ளியை எதிர்பார்க்கும், 0.40 என்பதை 40 என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களும் உண்டு. அப்படி நடந்தால் அது உண்மையான பிழை. தாராளமாக எழுதி அனுப்பலாம்.

அடுத்தது கொள்ளளவு. பெட்டியின் உள் அளவு 50 லிட்டர் என்று வையுங்கள். அதற்குள் டிரைவரின் பின்பகுதி 2 லிட்டர், தாங்கு சட்டங்கள் 2 லிட்டர், 45 செ.மீ. நீளக் குழாய் 4 லிட்டருக்குச் சற்று மேல். காற்றுக்கு மிஞ்சுவது சுமார் 42 லிட்டர். 30 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ததாக (குழாயின் காற்று அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும்படி அமைத்ததாக) நினைத்த பெட்டி உண்மையில் 32.7 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். மென்பொருள் கேட்டது நிகரக் கொள்ளளவு, நீங்கள் கொடுத்தது மொத்தம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் "நிகரம்" என்று ஒரு சொல் இல்லாதது குறைதான். அதை இரண்டாம் வகைப் பின்னூட்டமாக எழுதுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது: பாதி எண் டேட்டாஷீட்டிலிருந்து, பாதி நீங்களே அளந்தது. டேட்டாஷீட்டில் எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.40, விஏஎஸ் 60 லிட்டர். கையிலுள்ள டிரைவரை அளந்தால் எஃப்எஸ் 33 வருகிறது. அதை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால் 20 லிட்டர் மூடிய பெட்டிக்கு (போர்ட் இல்லாதது) ஒத்ததிர்வு 66 ஹெர்ட்ஸ் என்று காட்டும். டேட்டாஷீட் எண்களை மட்டும் வைத்தால் 60. ஆறு ஹெர்ட்ஸ் வித்தியாசம்!

நடப்பது வேறு. தொங்கல் இறுக்கமாக இருப்பதால்தான் எஃப்எஸ் ஏறியது என்றால், அதே காரணத்தால் விஏஎஸ் 49.6 லிட்டருக்கு இறங்கும், க்யூடிஎஸ் 0.44க்கு ஏறும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் பெட்டியின் ஒத்ததிர்வு 61.6 ஹெர்ட்ஸ்தான். ஏனென்றால் சின்னப் பெட்டியில் கூம்பைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் காற்று. தொங்கலின் பங்கு குறைவு. ஆகவே புது டிரைவருக்கும் ஓடிப் பழகிய டிரைவருக்கும் எஃப்எஸ் மாறினாலும் பெட்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. எண்களை ஒரே இடத்திலிருந்து எடுங்கள்: முழுக்க டேட்டாஷீட், இல்லாவிட்டால் முழுக்க அளந்தது.

படி 3: கையால் ஒரு கணக்கு

பயப்பட வேண்டாம், மூடிய பெட்டிக்கு ஒரே ஒரு வர்க்கமூலம்தான். விஏஎஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். மேலே சொன்ன டிரைவருக்கு 60 ÷ 20 = 3, ஒன்று கூட்டினால் 4, வர்க்கமூலம் 2. இந்த 2ஐ எஃப்எஸ்ஸோடு பெருக்கினால் பெட்டியின் ஒத்ததிர்வு 60 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ்ஸோடு பெருக்கினால் பெட்டிக்குள் இருக்கும்போது டிரைவரின் க்யூ 0.80. மென்பொருளும் இதற்குப் பக்கத்தில் சொல்ல வேண்டும். ஒத்ததிர்வு 58, 61 என்று வந்தால் கசிவையோ உள்ளே போடும் பஞ்சையோ கணக்கில் சேர்த்திருக்கும். 75 என்று வந்தால் விஷயம் இருக்கிறது.

போர்ட் குழாய்க்கு இன்னும் ஒரு நுணுக்கம். 50 லிட்டர் நிகரக் கொள்ளளவு, 30 ஹெர்ட்ஸ், 10 செ.மீ. விட்டம் என்றால் நேர்ச் சூத்திரம் 52 செ.மீ. தரும். ஆனால் குழாயின் இரு முனைக்கு வெளியேயும் கொஞ்சம் காற்று சேர்ந்து அசைகிறது. அதற்காகச் சுமார் 7 செ.மீ. கழிக்க வேண்டும், வெட்ட வேண்டிய நீளம் 45. இந்த முனைத் திருத்தம் குழாய் பலகையோடு சமமாக முடிகிறதா, தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். எனவே இரண்டு மென்பொருள்கள் 43.5, 45 என்று வேறுவேறாகச் சொன்னால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. ஒன்று 52 என்று சொன்னால் திருத்தத்தையே விட்டுவிட்டது. இதை எழுதி அனுப்பலாம்.

படி 4: பெட்டியை அளந்து பாருங்கள்

"பாஸ் குறைவாகக் கேட்கிறது" என்பது அளவு இல்லை. அறையின் சுவர்கள் சில அதிர்வெண்களைத் தூக்கும், சிலவற்றை விழுங்கும். வடிவமைப்பு வரைபடத்தில் அறை பெரும்பாலும் இருக்கவே இருக்காது. அறையில் மைக்கை வைத்து எடுத்த வளைவை அதோடு ஒப்பிட்டுப் புகார் எழுதுவதுதான் உருவாக்குபவர்களைச் சோர்வடைய வைக்கும் கடிதம்.

அறை குறுக்கே வராத ஓர் அளவு இம்பிடன்ஸ், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் டிரைவர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளிலேயே எடுக்கலாம். சவுண்ட் கார்டின் ஹெட்ஃபோன் வெளியீடு, ஒரு 100 ஓம் மின்தடை, சில ஒயர்கள் போதும். மின்தடை வழியாக டிரைவருக்குச் சிக்னல் போகும். மின்தடைக்கு இரு பக்கமும் உள்ள மின்னழுத்தத்தை உள்ளீட்டில் படிப்போம். இணைப்புப் படம் அதன் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. அளக்கும் முன் மதிப்பு தெரிந்த வேறொரு மின்தடையை வைத்து அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரை இதில் சேர்க்காதீர்கள், சவுண்ட் கார்டு போய்விடும்.

மூடிய பெட்டியின் இம்பிடன்ஸ் வளைவில் ஒரே ஒரு மேடு வரும். அதன் உச்சி எந்த ஹெர்ட்ஸில் இருக்கிறதோ அதுதான் பெட்டியின் ஒத்ததிர்வு. போர்ட் பெட்டியில் இரண்டு மேடுகள், நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடி டியூனிங் அதிர்வெண்ணுக்கு மிக அருகில் இருக்கும். பள்ளம் தெளிவாக இல்லாமல் ஒரு மேடு சப்பையாகத் தெரிந்தால் பெட்டியில் எங்கோ காற்று கசிகிறது. முதலில் அதை அடைத்துவிட்டு மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் எழுதலாம்? என் கணக்கு இது: மூன்று, நான்கு சதவீதம் என்றால் மரவேலைக்குள் அடங்கிவிடும், விட்டுவிடலாம். பத்து சதவீதத்துக்கு மேல் போய், படி 2ம் 3ம் சரியாக இருந்தால் எழுதியே ஆக வேண்டும். இடைப்பட்டதைக் குறித்து வையுங்கள், இன்னொரு பெட்டியிலும் அதே பக்கம் சாய்ந்தால் அனுப்புங்கள்.

படி 5: பிழையைச் சின்னதாக்குங்கள்

மூன்று டிரைவர், கிராஸ்ஓவர் (டிரைவர்களுக்கு அதிர்வெண்களைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று), ஃபில்டர் என்று எல்லாம் இருக்கும் புராஜெக்டை அப்படியே அனுப்பாதீர்கள். புதிதாக ஒரு புராஜெக்ட் திறந்து, ஒரே டிரைவர், ஒரே பெட்டியில் அந்தப் பிழையை வரவழையுங்கள். வராவிட்டால், விட்டதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எதைச் சேர்த்ததும் வருகிறதோ அங்கேதான் கோளாறு. கடிதம் எழுதுவதைவிட இதற்குத்தான் நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பாதித் தடவை இந்த இடத்திலேயே காரணம் தெரிந்து, கடிதமே தேவைப்படாமல் போய்விடும்.

படி 6: எழுதுங்கள்

தலைப்பிலேயே பிழையைச் சொல்லிவிடுங்கள். "உதவி தேவை", "பெரிய பிரச்சினை" எல்லாம் வேண்டாம். ஒரு கற்பனை மாதிரி:

"போர்ட் விட்டத்தை மாற்றினால் நீளம் மாறுவதில்லை.
பதிப்பு 2.3, விண்டோஸ் 11, தசமத்துக்குப் புள்ளி.
செய்தது: புதிய புராஜெக்ட், போர்ட் பெட்டி, நிகரம் 50 லிட்டர், டியூனிங் 30 ஹெர்ட்ஸ், ஒரு குழாய், விட்டம் 10 செ.மீ. நீளம் 45 செ.மீ. என்று வந்தது, சரி. அப்புறம் விட்டத்தை 7.5 ஆக மாற்றி என்டர் அழுத்தினேன்.
எதிர்பார்த்தது: சுமார் 24 செ.மீ.
நடந்தது: 45லேயே நிற்கிறது. சாளரத்தை மூடித் திறந்தால் 24 ஆகிறது.
ஒவ்வொரு முறையும் வருகிறது. புராஜெக்ட் கோப்பு இணைத்துள்ளேன்."

இவ்வளவுதான். கோபம் இல்லை, முகஸ்துதியும் இல்லை. படிப்பவர் இரண்டு நிமிடத்தில் தன் கணினியில் அதே பிழையைப் பார்த்துவிடுவார்.

அளந்த வளைவை அனுப்புவதானால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. இம்பிடன்ஸை இசட்எம்ஏ கோப்பாகவும், ஒலி அளவை எஃப்ஆர்டி கோப்பாகவும் அனுப்புங்கள். இரண்டும் அதிர்வெண், அளவு, ஃபேஸ் (அலையின் கட்டக் கோணம்) என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட சாதாரண உரைக் கோப்புகள்தான். உருவாக்கியவர் அதைத் தன் வரைபடத்தின் மேலேயே வைத்துப் பார்க்கலாம். பெட்டிக்குள் பஞ்சு போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். பஞ்சு பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கியது போல நடந்துகொள்ளும், கோட்பாட்டின்படி 40 சதவீதம் வரை, நடைமுறையில் அதைவிட நன்றாகவே குறைவு.

புது வசதி கேட்பதானால்

"இங்கே ஒரு பட்டன் வேண்டும்" என்று கேட்காதீர்கள். எந்த வேலையில் மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். "18 மி.மீ. பலகையில் வெட்டுகிறேன். மென்பொருள் லிட்டரில் சொல்கிறது. வெளி அளவு கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் பலகைக் கனம், டிரைவர், குழாய் எல்லாவற்றையும் கால்குலேட்டரில் சேர்க்கிறேன். குழாய் நீளம் மாறினால் மறுபடி முதலிலிருந்து." இதைப் படித்தவருக்கு உங்கள் பட்டனைவிட நல்ல வழி தோன்றலாம். குழாயின் கனஅளவைத் தானே கூட்டிக்கொள்ளும் ஒரு கட்டமாகக்கூட அது வரலாம்.

படி 7: அனுப்பிய பிறகு

பதில் கேள்வியாக வந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், புதுக் குறையை அதில் நுழைக்காதீர்கள். "இது பிழையில்லை, இப்படித்தான் வைத்திருக்கிறேன்" என்று வந்தால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்புக்கொள்ள முடியாவிட்டாலும், அந்தக் காரணம் உதவிப் பக்கத்தில் இல்லையே என்று கேட்கலாம்.

சோதனைப் பதிப்பு அனுப்பினால் பழையதன் மேல் நிறுவாமல் வேறு ஃபோல்டரில் வையுங்கள். புதியதில் சேமித்த புராஜெக்ட் பழையதில் திறக்காமல் போகலாம். படி 5ல் செய்த சின்ன புராஜெக்டை அதில் திறந்து, அதே எண்ணைப் பாருங்கள். 24 வந்ததா, இல்லை இன்னும் 45தானா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.